சென்னியப்பன் வீட்டு ஒரம்பரை

முந்நூத்திச் சொச்சம் காட்டுப்பன்னிக்கு இலை போட்டுப் பரிமாறின கை இதுங்க. கோம்பைப்புதூர்லயும் சுத்துப்பட்டு ஊர்லயும் கல்யாணச் சமையல்னா இந்தத் தங்கவேலுதான், இருபத்தாறு வருசத்துல என் ரசத்துல ஒரு குத்தம் சொன்னவன் பொறக்கலை, ஆனா இன்னைக்கு எங்க போனாலும் ‘பன்னிக்குச் சமைச்ச தங்கவேலு’ன்னுதான் பேரு ஆகிப்போச்சு. அதனால நடந்ததை நடந்தபடி ஒருக்காச் சொல்லிப்போடறேன், அப்புறம் ஆரும் எங்கிட்ட வந்து பல்லைக் காட்டக் கூடாது.

கொல்லிமலை அடிவாரத்துல, எங்க வீட்டுக்கு ரெண்டு தோட்டம் தள்ளிச் சென்னியப்பன்னு ஒருத்தன். வயசு நாப்பத்திரண்டு, மூணு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாங்க மரவள்ளி, ஒரு கிணறு, ஒரு எருமை. தங்கமான ஆளு, பொண்ணுதான் கிடைக்கலை. இருபத்தேழு வீட்டுல பொண்ணு பாத்து, இருபத்தேழு வீட்டுலயும் பஜ்ஜி தின்னு, இருபத்தேழு வீட்டுலயும் ‘சொல்லி அனுப்பறோம்’னு கேட்டுட்டு வந்தவன். அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் ஒரே வருசத்துல போயிட்டாங்க, பங்காளிங்க வரப்புத் தகராறுல கோர்ட்டுப் படியேறிப் பேச்சை நிறுத்திட்டாங்க, மாமன் மச்சான்னு சொல்லிக்க ஒரு நாதி கிடையாது. பத்தொம்பதாவதாப் பாத்தது கலாமணின்னு ஒரு பொண்ணு, ஜவ்வரிசி மில்லுல வேலை. அதோட ஆத்தா பாவாயி பஜ்ஜித் தட்டை வெச்சுப்போட்டு, “மாப்பிள்ளை பக்கம் எத்தனை பேரு வருவீங்க?”ன்னு கேட்டுது. இவன் நல்லா யோசிச்சு, “நான் வருவேனுங்க”ன்னான். கூடப் போன நான் எடுத்த பஜ்ஜியைத் திருப்பி வெச்சேன், அந்தம்மா எந்திரிச்சு உள்ள போயிருச்சு.

ஆனா சென்னியப்பன் என்ன நெனச்சுக்கிட்டான்னா, வெள்ளாமை இல்லாததாலதான் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டான். வருசா வருசம் கிழங்கு முத்தற நேரத்துல மலையில இருந்து பன்னி எறங்கித் தோட்டத்தை உழுதுப்போடும், அது தின்னது போக மிதிச்சது, மிதிச்சது போக இவனுக்கு ஒரு சாக்கு. “பன்னியை அடக்கிட்டா எனக்குக் கல்யாணம் ஆயிருமுங்கண்ணா”ன்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டு, பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதித் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுக் குடுத்தான், ஆறு வருசம் நடந்தான், ஏழாவது வருசம் கிடைச்சுது.

ஏற்காட்டுல லூர்தம்மான்னு ஒரு எஸ்டேட்காரம்மா, புருசன் செத்துப்போனாரு, அவரு துப்பாக்கியை விக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனோம். முறையா எழுதி வாங்கணுமே, சாட்சிக்கு நான். பழைய சீமைத் துப்பாக்கி. விசைக்குக் கீழ வளையமா ஒரு கைப்பிடி, அதைக் கீழ தள்ளி மேல இழுத்தா ‘சடக்-படக்’னு அடுத்த தோட்டா ஏறிக்கும். பாத்ததும் நாங்க தாழ்ப்பாள் துப்பாக்கின்னு பேரு வெச்சுட்டோம். “இது எதையாச்சும் சுட்டிருக்குதுங்களாம்மா?”ன்னு கேட்டேன். “எங்க சுட்டாரு? நாப்பது வருசமா ஜன்னலுக்கு முட்டுக் குடுத்துட்டு இருந்துச்சு, ஜாக்கிரதையா எடுங்க, ஜன்னல் விழுந்துரும்”னாங்க. கூடவே ஒரு தகர டப்பாவும் குடுத்தாங்க, உள்ள காலித் தோட்டாக் கூடும் குண்டு வார்க்கற அச்சும் இருந்துச்சு. இதுக்குக் கடையில குண்டு கிடைக்காது, நீங்களே ஈயத்தை உருக்கி ஊத்திக்கோணும்னாங்க.

ஈயத்துக்கு எங்க போறது? ராசிபுரத்துப் பழைய இரும்புக் கடையில, கல்யாணப் பத்திரிகை மட்டுமே அடிச்சிட்டிருந்த ஒரு அச்சாபீஸ் மூடினப்போ வந்த ஈய எழுத்து கிடந்துச்சு. நூல் சுத்திக் கட்டுக் கட்டா, மொத்தம் அஞ்சு கட்டு. சென்னியப்பன் அள்ளிட்டு வந்தான், உருக்க என் விறகடுப்பும் என் இரும்புக் கரண்டியும். அந்தக் கரண்டியை அப்பறம் நான் சாம்பாருக்குத் தொடலை, அதையும் சொல்லிப்போடறேன், வேற எவனாச்சும் வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க. கட்டுல எழுத்தெல்லாம் தலைகீழா இருந்துச்சு. என் சம்சாரம் ராஜாமணி பொட்டு வைக்கற கண்ணாடியைக் காட்டிப் படிச்சா: ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து.’ “நல்ல வாசகமா இருக்குதே, உருக்கறீங்களே பாவி மனுசங்களா”ன்னா. நாங்க கேக்கலை. முதல்ல ஊத்தினது முதல் தோசை மாதிரி சுருங்கிப்போச்சு, அச்சு சூடேறினதும் மத்ததெல்லாம் வழவழன்னு வந்துச்சு. பத்துக் குண்டு, கட்டுக்கு ரெண்டு. கூட்டுல மருந்து போட்டுக் குண்டை அடைக்கற வேலையை லைசென்ஸ் வெச்ச துப்பாக்கிக் கடைக்காரர் செஞ்சு குடுத்தாரு.

அஞ்சைச் சுட்டுப் பழகறேன்னு கிணத்து மேட்டுல ஒரு பானையைக் கவுத்து வெச்சான். அஞ்சும் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. துப்பாக்கி உதைச்ச தோள்ல சுக்குப் பத்துப் போட்டுட்டு மூணு நாள் படுத்திருந்தான், அந்தப் பானையில ராஜாமணி மோர் ஊத்தி வெச்சுட்டா.

மார்கழி ரெண்டாந்தேதி, பொழுது எறங்கற நேரம், பன்னி வந்துச்சு. முன்னால ஒரு ஒத்தக்காதுக் கெடா, பின்னால நாலு. சென்னியப்பன் வரப்புல படுத்துக்கிட்டு, ‘சடக்-படக்’, டொம். ‘சடக்-படக்’, டொம். அஞ்சு சுட்டான், அஞ்சும் பட்டுச்சு, பானையில படாதது பன்னி மேல பட்டுச்சு பாருங்க. ஆனா ஒண்ணும் விழுகலை. குண்டு ஒவ்வொண்ணோட நெத்தியிலயும் சந்தனப் பொட்டாட்டம் தட்டையா ஒட்டிக்கிச்சு. அஞ்சும், பத்திரிகை வாங்கறவங்க குனிவாங்களே, அப்படி மரியாதையாக் குனிஞ்சுதுங்க. அப்பறம் ஒரு கிழங்கைக்கூடத் தொடாம திரும்பி மலைக்குப் போயிருச்சுங்க. “ஏண்ணா, போகுதுங்க?”ன்னான். “வயிறு சரியில்லையோ என்னமோ”ன்னேன். எனக்கு அவ்வளவுதான் தோணுச்சு.

விடிஞ்சு பாத்தா சென்னியப்பன் தோட்டத்து வாசல் படலுக்கு வெளிய முந்நூத்திச் சொச்சம் பன்னி. பொட்டு வெச்ச அஞ்சும் முன்னால, அதுங்க பொண்டாட்டி, புள்ளை, மருமவ, பேரன், சிநேகிதம், சிநேகிதத்துக்குச் சிநேகிதம், எல்லாம் ஆத்துல குளிச்சு மேல் கழுவிட்டு, வரிசையா நின்னுட்டு இருந்துச்சுங்க. ஒண்ணுகூட உள்ள வரலை. வாசல்ல ஆள் நின்னா ‘வாங்க’ன்னு சொல்றது எங்க சனத்துக்கு மூச்சு விடற மாதிரி, பால் வாங்கப் போன ராஜாமணி யாரு என்னன்னு பாக்காம, “வாங்க வாங்க, ஏன் வெளியவே நின்னுட்டீங்க?”ன்னு சொல்லிப்போட்டா. அவ்வளவுதான். முந்நூறும் காலைப் புல்லுல தேச்சுட்டு உள்ள வந்து, கிழங்குச் செடி ஒண்ணை ஒடிக்காம, வரப்பு வரப்பா உக்காந்துக்கிச்சு. விருந்தாளியை எங்க பக்கம் ஒரம்பரைன்னு சொல்றது. ஒரம்பரை வந்தாச்சுன்னு ஊருக்குச் சேதி போச்சு.

ஊர்ல ஆரும் ‘பன்னி எப்படி ஒரம்பரை ஆகும்’னு கேக்கலைங்க. ‘வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா’ன்னுதான் கேட்டாங்க. அண்டாவுல தண்ணி வந்துச்சு. ஊராட்சித் தலைவரம்மா சாமியானா அனுப்பினாங்க. மார்கழிப் பனி கொட்டுதேன்னு ஆளாளுக்குச் சாக்குக் குடுத்தாங்க. நாய்ங்க மூணு நாள் குரைச்சுது, நாலாவது நாள் ஒரம்பரையைக் குரைக்கறது நல்லாருக்காதுன்னு அதுங்களே வாயை மூடிக்கிச்சு. வனக்காவலர் ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தோட வந்தாரு, ‘பயிர்ச் சேதம்: இல்லை’ன்னு எழுதினாரு, வேற என்ன எழுதறதுன்னு யோசிச்சுட்டே சாமியானாவுக்குள்ள உக்காந்தவரு சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கலை. பக்கத்தூர்க்காரங்க பத்துப் பேரு சண்டைக்கு வந்தாங்க, எதுக்குன்னு நெனைக்கறீங்க? “எங்க ஊர் ஓடைப் பன்னியைக் கூப்பிட்டிருக்கீங்க, எங்களைக் கூப்பிடலை, நாங்க என்ன கெட்டுப்போயிட்டோமா?”ன்னு. ஆளுக்கொரு டீ குடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்பினோம்.

கூத்து என்னன்னா, ஒரம்பரை எதையும் தானா எடுத்துத் திங்காதுங்க. போன வருசம் தோண்டித் தின்ன அதே தோட்டத்துல, கிழங்கு மேலயே உக்காந்துட்டு, இலை போட்டாத்தான் சாப்பிடுவோம்னு பாத்துட்டே இருந்துச்சுங்க. ஊரே கூடிக் கஞ்சி காச்சி ஊத்துச்சு, குடிச்சுதுங்க, ஆனா பந்தி எப்பன்னு ஒரு பார்வை. சும்மா இருக்கப் பிடிக்காம கல்யாண வீட்டு ஒத்தாசைன்னு கிழங்கையும் மூக்கால நெம்பிப் புடுங்கி, மண்ணைத் தட்டி, ஒண்ணு குறையாமக் குமிச்சுக் குடுத்துருச்சுங்க. ஒத்தக்காதுதான் மேஸ்திரி.

அஞ்சாவது நாள் ராஜாமணி கேட்டா, “அதெல்லாம் சரி, ஆரு கல்யாணம்? என்னைக்கு?”ன்னு. குண்டா ஊத்தின பத்திரிகையிலதான் அது இருந்திருக்கும்னு எங்களுக்கு அப்பத்தான் உறைச்சுது. நானும் சென்னியப்பனும் ராசிபுரம் ஓடி, அந்த அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்துட்டிருந்த அய்யாவுங்கறவரைத் தேடிப் புடிச்சோம். விசயத்தைச் சொன்னதும் தலையில கை வெச்சுக்கிட்டாரு.

“அடக் கெரகமே! பேரும் தேதியும் மண்டபமும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறுமுங்க, அதை மட்டும் உருவிட்டு மத்ததை நூல் கட்டி அப்படியே வெச்சிருப்போம், அடுத்த பத்திரிகைக்கு ஆகும்னு. நீங்க உருக்கினது பேரில்லாத, தேதியில்லாத பத்திரிகை.”

“அப்ப அதுங்க எப்பங்க போகும்?”ன்னு கேட்டான் சென்னியப்பன்.

“கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, கல்யாணம் பாக்காம எப்படிப் போறதுங்க? நீங்க போவீங்களா?”

நாங்க போக மாட்டோம்தான். ஊருக்கு வந்து சொன்னதும் ஒப்பாரி வெக்காத குறை. மார்கழியில எவனும் கல்யாணம் பண்ண மாட்டான், தையிலயும் ஊர்ல ஒரு கல்யாணம் நிச்சயம் ஆகலை, இருக்கறது ஒரே ஒரு கல்யாணம் ஆகாத ஆம்பளை, அவனுக்கு இருபத்தேழு வீட்டுல சொல்லி அனுப்பறோம்னு சொல்லி இன்னும் ஆரும் சொல்லி அனுப்பலை. கூப்பிட்டு வெச்சுச் சோறு போடாத ஊருன்னு மலை பூராப் பேரு கெட்டுப்போகும்னு தலைவரம்மா கண்ணைக் கசக்கினாங்க. சென்னியப்பன் துப்பாக்கியை எருமைக் கொட்டாய்ல சாத்தி வெச்சுப்போட்டு எங்கிட்ட வந்து உக்காந்தான். “நான் ஒண்டிக்கட்டையாவே இருந்திருக்கலாமுங்கண்ணா. இப்பப் பாருங்க, முந்நூறு பேரு முன்னால ஒண்டிக்கட்டையா நிக்கறேன்.” அன்னைக்கு அவனைப் பாக்க எனக்குப் பாவமா இருந்துச்சு.

கிழங்கு காஞ்சா கெட்டுப்போகும், மில்லுக்கு ஏத்திட்டுப் போனோம். நானும் கூடப் போனேன், பாயசத்துக்கு ஜவ்வரிசி கேட்டு வாங்கலாம்னு. லோடு மேல ஒத்தக்காது ஏறி உக்காந்துக்கிச்சு, எறங்குன்னு ஒரம்பரையை எப்படிச் சொல்றது? மில்லுல கிழங்கைத் தண்ணிக்குள்ள முக்கி எடை பாத்து, மாவு எத்தனை பாயிண்ட்டுன்னு சொல்றது கலாமணிதான். அதே பத்தொம்பதாவது. முப்பத்தெட்டு வயசு, கண்ணாடி போட்ட மொகம், ஆம்பளைங்க லோடு வண்டியில சத்தம் போட்டா ஒரு பார்வையில அடக்கற பொம்பளை.

“பாயிண்ட் இருபத்தொம்பது”ன்னுச்சு. “இந்த வருசம் எவனுக்கும் இருபத்தஞ்சு தாண்டலை. உங்க தோட்டத்துல பன்னி எறங்கலையா?”

“எறங்குச்சுங்க. அதுங்கதான் புடுங்கிக் குடுத்துச்சுங்க.”

கலாமணி கண்ணாடியை ஏத்திவிட்டு லோடு மேல பாத்துச்சு. “அது ஆரு?”

“ஒரம்பரைங்க.”

“ஆரு கல்யாணத்துக்கு?”

சென்னியப்பன் தரையைப் பாத்தான். இருபத்தேழு வீட்டுலயும் பாத்த அதே தரையைப் பாத்தான். நான் அவன் முதுகுல ஒரு இடி குடுத்தேன், அந்த இடியில வந்துச்சோ என்னமோ, நிமிந்து சொல்லிப்போட்டான். “தெரியலைங்க. எனக்கா இருந்தா நல்லாருக்கும். உங்களோடயா இருந்தா ரொம்ப நல்லாருக்கும்.”

கலாமணி எடை பாக்கறதை நிறுத்திட்டு அவன் பக்கம் திரும்புச்சு. “என்னை ஒருக்காப் பாத்துட்டுப் போயிருக்கீங்க, ஞாபகம் இருக்குதா?”

“பத்தொம்பதாவதுங்க.”

“நம்பரு போட்டா வெச்சிருக்கீங்க?” சிரிச்சே போட்டுது. “எனக்கு அன்னைக்கே சம்மதம்தான். எங்கம்மாதான், நாலு பேரு இல்லாத வீட்டுல எம்புள்ளை கண்ணு கசங்கினா ஆரு கேப்பான்னு பயந்துச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். அதே கேள்வியைத்தான் கேக்கும், ரோசனை பண்ணி வெய்ங்க.”

ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவன் ரோசனை பண்ணினான், சோறு எறங்கலை. காலைப் பனியில பாவாயம்மா நாலு சொந்தக்காரங்களோட வந்து எறங்குச்சு, படலைத் தாண்டாம அங்கயே நின்னு, “மாப்பிள்ளை பக்கம் எத்தனை பேரு வருவீங்க?”ன்னு கேட்டுது. சென்னியப்பன் மறுபடியும் தரையைப் பாத்தான். போச்சு, இருபத்தெட்டுன்னு நான் நெனச்சேன். அப்பப் பனிக்குள்ள ஒத்தக்காது எந்திரிச்சு நின்னுச்சு. அதைப் பாத்து அது பொண்டாட்டி நின்னுச்சு, அதைப் பாத்து மத்த நாலு, அதைப் பாத்து அதுங்க புள்ளை குட்டி, பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா எந்திரிச்சு நிக்கணுமே, அந்த மரியாதையில வரப்பு வரப்பா முந்நூறும் எந்திரிச்சு நின்னுச்சு. பாவாயம்மா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்துது. அதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. அப்பறம் எம்பக்கம் திரும்பி, “ஏனப்பா சமையக்காரரே, இத்தனை பேருக்கு எலை பத்துமா?”ன்னு கேட்டுது.

தை பத்துல முகூர்த்தம்னு ஒலிபெருக்கியில மூணு தரம் படிச்சாங்க, முந்நூறும் காதை ஆட்டிக் கேட்டுக்கிச்சு. நான் மட்டும் முறுக்கிட்டு நின்னேன், பன்னிக்குச் சமைக்க மாட்டேன்னுட்டேன். ராஜாமணி இடுப்புல கை வெச்சுக்கிட்டு, “இருபத்தாறு வருசமா உங்க பந்தியில உக்காந்து தின்னவங்க லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்? இதுங்களாவது இலை போடற வரைக்கும் பொறுத்திருக்குதுங்க”ன்னா. அடுப்பு மூட்டினேன்.

கல்யாணம் நல்லா நடந்துச்சுங்க. தாய்மாமன் மாலை போடணும்னு பெரியவங்க சொன்னதும், எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க, ஒத்தக்காது எந்திரிச்சு மேடைக்கு வந்துருச்சு. மாலையில பாதிச் செவ்வந்தியைத் தின்னுப்போட்டுது, இருந்தாலும் மீதியைச் சென்னியப்பன் கழுத்துல போட்டுது. அவன் குனிஞ்சு வாங்கிக்கிட்டான். பந்தியில ரசம் மூணு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சுதுங்க, கடைசியில இலையையும் சேத்துத் தின்னுட்டதால எச்சில் இலை எடுக்கற வேலையே இல்லை, இப்படி ஒரு நாகரிகமான பந்தியை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்லை. பொழுதோட ஆளுக்கொரு தாம்பூலப் பையை வாயில கவ்விட்டு, மலை ஏறிப் போயிருச்சுங்க.

தோட்டம் வெறிச்சுன்னு ஆகிப்போச்சு. ஒரு வாரம் சென்னியப்பன் பொண்டாட்டியோட சிரிச்சுப் பேசுவான், அப்பறம் படலுக்குப் போய் மலையையே பாத்துட்டு நிப்பான். பாவாயம்மா வேற, “கல்யாணத்தோட சரியா உங்க சொந்தமெல்லாம்?”ன்னு கேட்டுட்டுப் போச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள உதைப்புத்தான், பன்னி பன்னியாயிருச்சு, அடுத்த வருசம் திரும்பத் தோண்ட வரும்னு.

எட்டாம் நாள் காலையில ராஜாமணியும் நானும் மோர் வாங்கிட்டு வரலாம்னு போறோம், படலுக்கு வெளிய ஒத்தக்காது நிக்குது, பக்கத்துல அது பொண்டாட்டி. காலடியில மூணு காட்டு வள்ளிக்கிழங்கும் ஒரு கொத்து நெல்லிக்காயும் வெச்சு, வாசலைப் பாத்துட்டே நிக்குதுங்க. சென்னியப்பன் வெளிய வந்து, “என்னவாம்?”னு பயந்துட்டே கேட்டான். பின்னால வந்த கலாமணி கிழங்கையும் காயையும் பாத்துச்சு, முந்தானையை இழுத்துச் செருகிக்கிச்சு.

“என்னவாமா? விருந்துக்குக் கூப்பிட வந்திருக்காங்க. புதுசாக் கட்டினவங்களை ஒரம்பரை விருந்துக்குக் கூப்பிடாம பின்ன ஆரு கூப்பிடுவா? போய் வேட்டியை மாத்திட்டு வாங்க, அவங்களை நிக்க வெச்சுட்டு.”

அவன் நகரலை. நாப்பத்திரண்டு வருசத்துல அவனை எந்த வீட்டுலயும் வாசல்ல வந்து நின்னு, வா சாப்பிடலாம்னு ஆரும் கூப்பிட்டதில்லைங்க, பக்கத்துலயே இருக்கற நானும் கூப்பிட்டதில்லை, இப்பச் சொல்லவே கூச்சமா இருக்குது. துண்டை வாயில பொத்திக்கிட்டு நின்னான், தோள் ரெண்டும் குலுங்குச்சு, அப்பறம் மண்ணுல முட்டி போட்டு அந்த ஒத்தக்காது மொகத்துக்கு நேரா உக்காந்து, “என்னையுங்களா மாமா?”ன்னு கேட்டான்.

கலாமணி வீட்டைப் பூட்டிச் சாவியை ராஜாமணி கையில குடுத்துப்போட்டு, எருமைக்குத் தண்ணி காட்டச் சொல்லிட்டு, அவன் கையைப் புடிச்சு எழுப்பிக் கூட்டிக்கிட்டு மலைப் பக்கம் நடந்துச்சு.